பறவையறிஞர் சலீம் அலி: வாழ்வும் வழியும்

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பறவைகள் புதியன அல்ல. குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழியும், மருதத்திற்கு நாரையும், நெய்தலுக்குக் கடற்காக்கையும், பாலைக்குப் பருந்தும் புறாவும் எனக் கருப்பொருள் பட்டியலை உறக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் ஆற்றல் நம் மாணவர்க்கு உண்டு. பட்டியல் தெரியும், பறவை தெரியுமா என்பதே வினா.

சில ஆண்டுகளுக்கு முன் மார்கழித் திங்களில் ஒரு காலை வேளை. வகுப்பில் மருதத்திணை நடத்திக்கொண்டிருந்தோம். சன்னலோரம் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்து, வெளியே வேப்பமரத்தடியில் வாலை மேலும் கீழும் ஆட்டியவாறு விரைந்து நடந்து செல்லும் சிறு பறவையின் பெயர் யாதென வினவினார். ஏதோ ஒரு குருவி என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தோம். மாணவர் அமர்ந்தார். ஆனால் அந்த விடை நம் நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்றிலையும் மகன்றிலையும் பற்றி அரைமணி நேரம் பேச வல்ல ஆசிரியர், கண்முன் நடக்கும் பறவையின் பெயரைச் சொல்ல இயலாமற் போனமை நாணத்தக்கது அன்றோ? அன்று மாலை நூலகத்தில் தேடி எடுத்த நூல் சலீம் அலி அவர்களுடையது. அப்பறவை வாலாட்டிக் குருவி என்பதையும், அது நம் ஊரின் பறவையன்று, குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வந்த விருந்தாளி என்பதையும் அந்நூல்வழி அறிந்தோம். நூலை அறிந்தபின் அதனை எழுதியவரை அறியும் விருப்பம் எழுந்தது. அவ்வாறு அறிந்தவற்றை மாணவரோடும் ஆன்றோரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

சலீம் மொயிசுத்தீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த குடும்பமொன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஓராண்டு நிறைந்த வேளையில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர்தம் துணைவியார் ஹமீதா பேகமும் ஏற்று வளர்த்தனர். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. கேத்வாடிப் பகுதியில் இருந்த அவ்வில்லத்தில் உற்றார் உறவினரும் அவர்தம் பிள்ளைகளுமாக எந்நேரமும் ஆரவாரம் நிறைந்திருக்கும். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜி இவருக்கு மாமன் முறையினர். யதீமாக வளர்ந்த பிள்ளைக்கு அன்பும் கல்வியும் குறைவின்றி வாய்த்தமைக்கு அக்குடும்பத்தின் பெருந்தன்மையே காரணம்.

அமீருத்தீன் வேட்டையில் நாட்டமுடையவர். எனவே அவ்வீட்டுப் பிள்ளைகளும் துப்பாக்கியோடு வளர்ந்தனர். வேட்டைக் கதைகளே இளஞ்சலீமுக்கு விருப்பமான வாசிப்பு. பின்னாளில் பறவைகளின் காவலர் எனப் போற்றப்பெற்றவர், இளமையில் பெரிய வேட்டைக்காரர் ஆகவேண்டும் எனக் கனவு கண்டவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய செய்திகளை மறைத்துவிடுவதுண்டு. சலீம் அலி தம் தன்வரலாற்றில் இதனை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டுவதில்லை.

வீட்டில் வளர்ந்த பறவைகள்

அக்காலத்தில் விருந்துக்கெனக் காடையும் கௌதாரியும் உயிருடனேயே வீட்டிற்கு வாங்கிவரப்பெறும். அவற்றுள் சிலவற்றை அடுக்களைக்குப் போகாமல் காப்பாற்றி, மரப்பெட்டிகளையும் கம்பி வலையையும் கொண்டு அமைத்த கூண்டில் வைத்து இளஞ்சலீம் வளர்த்துவந்தார். அவற்றின் நடை, உணவு, பூசல், குரல் ஆகியவற்றை அருகிருந்து நோக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. பறவையைப் பற்றி அவர் கற்ற முதற்பாடம் காட்டில் அன்று, வீட்டிலே நடந்தது எனலாம்.

இந்த இடத்தில் எம் இளமைக்கால நினைவொன்றையும் கூறாமல் இருக்க இயலவில்லை. நம் இல்லங்களில் ஆடு, கோழி, புறா, பூனை ஆகியவை குடும்ப உறுப்பினர் போலவே வளரும். எம் வீட்டுத் திண்ணையில் ஒரு கிளிக்கூண்டும் தொங்கியது. எம் நன்னி அதற்குப் பழமும் ஊறவைத்த கடலைப்பருப்பும் ஊட்டுவார். எங்கள் பெயர்களையெல்லாம் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதன் சிறகிறகுகள் நறுக்கப்பட்டிருந்தன. ஒருநாள் கூண்டைக் கழுவியபோது கதவு திறந்து கிடந்தது. வெளியே வந்த கிளி பறக்கவில்லை, முற்றத்தில் நடந்தது. நாங்களே பாலூற்றி வளர்த்த பூனை, நாங்கள் எட்டுமுன் அதனைக் கவ்விவிட்டது. நன்னி அன்று முழுதும் உணவு கொள்ளவில்லை. பூனையை அடிக்கக் கை ஓங்கிய எம்மையும் தடுத்துவிட்டார். பூனை தன் இயல்பைச் செய்தது, கிளியின் இயல்பைப் பறித்தவர்கள் நாமே என்னும் பொருள்பட அவர் கூறியது அன்று விளங்கவில்லை. அதன்பின் எம் வீட்டில் கூண்டு தொங்கியதில்லை.

இன்று 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலிட்டு வளர்ப்பதும் குற்றமாகும். சட்டம் வருமுன்னரே சலீம் அலி அவ்வழியைக் கடந்துவிட்டார். பறவையைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில் தொடங்கிய அவரது அன்பு, பறவை இருக்குமிடம் தேடித் தாம் செல்வதாக வளர்ந்தது. அம்மாற்றத்திற்கு வித்திட்டது ஒரு சிட்டுக்குருவி.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

பத்து வயதளவில் தம் பொம்மைத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுடுவது அவர் பொழுதுபோக்கு. ஒருமுறை வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்றிருந்தது. வழக்கமான ஊர்க்குருவியாக அது தோன்றவில்லை. உண்ணத் தக்கதா என்ற ஐயம் எழ, மாமனிடம் கொண்டுசென்றார். மாமனாலும் இன்னதெனக் கூற இயலவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறி அவர் பிள்ளையை அனுப்பிவிடவில்லை. 1883ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் தாமும் உறுப்பினராதலின், அதன் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டு என்பவரிடம் காட்டுமாறு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். வகுப்பில் ஒரு குருவியைப் பற்றிய வினாவைத் தட்டிக்கழித்த நமக்கு, அமீருத்தீனின் இச்செயல் பெரும்பாடமாக அமைந்தது.

ஆங்கில அதிகாரிகளும் வணிகரும் நிறைந்த கழகத்துள் இந்தியச் சிறுவன் ஒருவன் செத்த குருவியுடன் நடுங்கியவாறு நுழைந்த காட்சியை நாம் எண்ணிப்பார்க்கலாம். மில்லார்டு அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார்; பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார்; படிக்க நூல்கள் தந்தார்; பறவையைப் பாடம் செய்யக் கற்கவும் வழிசெய்தார். ஒரு நாளின் சில மணிநேரக் கனிவு ஒரு நாட்டின் பறவையியலுக்கே அடித்தளமாயிற்று.

அவ்விளம்பருவத்திலேயே நோக்கியதைக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. குதிரைலாயத்தின் சுவரில் கூடுகட்டியிருந்த சிட்டுக்குருவி இணையில், காவலிருந்த ஆண்குருவியைச் சுட்டார். பெண்குருவி விரைவிலேயே வேறோர் ஆணைத் துணைகொண்டது. அதனையும் சுட்டார்; மீண்டும் ஓர் ஆண் வந்தது. ஏழு நாள்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. செயல் கொடிது; ஆனால் அதனை நாள் வழுவாது எழுதிவைத்த குறிப்பு அறிவியல் மதிப்புடையது. பல்லாண்டுகளுக்குப் பின் அதனை வெளியிட்டபோதும் அவர் ஒரு சொல்லையும் மாற்றித் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளவில்லை.

பட்டம் இல்லாத அறிஞர்

பள்ளிப்படிப்பில் சலீம் அலி சிறந்து விளங்கியவர் அல்லர். தீராத தலைவலியால் படிப்பு இடையில் தடைப்பட்டது. 1913ஆம் ஆண்டில் பள்ளியிறுதித் தேர்வில் அரிதின் முயன்று தேறினார். கல்லூரிக் கணக்குப் பாடம் அச்சுறுத்தியது. 1914இல் பர்மாவின் தவாய்ப் பகுதிக்குச் சென்று, குடும்பத்தார் நடத்திய சுரங்கம், மரத்தொழில் ஆகியவற்றில் ஈடுபட்டார். தொழிலினும் அங்கிருந்த காடுகளே அவரை ஈர்த்தன. 1917இல் திரும்பி வணிகக் கல்வி பயின்றார். அருட்தந்தை பிளாட்டர் என்பாரின் தூண்டுதலால் தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். எனினும் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. 1918 திசம்பரில் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். மீண்டும் பர்மா சென்று நடத்திய தொழில் நொடித்தது.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணியிடம் ஒன்றிற்கு விண்ணப்பித்தார். பட்டம் இல்லாமையால் அது மறுக்கப்பட்டது. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பகுதியில் திங்களுக்கு 350 உரூபாய் ஊதியத்தில் விளக்க விரிவுரையாளர் ஆனார். இரண்டாண்டுகளில் தம் அறிவின் போதாமையை உணர்ந்து, 1928இல் விடுப்புப் பெற்றுச் செருமனி சென்றார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பேராசிரியர் எர்வின் ஸ்திரேசமான் அவர்களை ஆசானாகக் கொண்டார். வடகடலிலுள்ள ஹெலிகோலந்து தீவில், வலசைவரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவிக்கும் முறையையும் கண்டறிந்தார். 1930இல் நாடு திரும்பியபோது அவருடைய பணியிடமே நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது.

முப்பத்து மூன்று வயது, பட்டம் இல்லை, பணி இல்லை, தொழிலும் இல்லை. இந்நிலையில் நம்முள் பலர் மனமொடிந்து போயிருப்போம். சலீம் அலியும் தெஹ்மினா அம்மையாரும் செலவைக் குறைக்கப் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடுகட்டியிருந்தன. வேலையற்ற மனிதர் மழைக்கால நாள்களில் மணிக்கணக்காக அமர்ந்து அவற்றை நோக்கினார்.

அதுவரை ஆணும் பெண்ணும் சேர்ந்து இல்லறம் நடத்தும் பறவையென்றே தூக்கணாங்குருவி கருதப்பட்டது. சலீம் அலி கண்டது வேறு. ஆண்குருவி தனியே கூட்டைப் பாதியளவு பின்னுகிறது. பெண்குருவிகள் வந்து கூட்டினுள் புகுந்து ஆராய்கின்றன. கூடு பிடித்திருந்தால் பெண் அதனையும் அதனைக் கட்டிய ஆணையும் ஏற்கிறது. ஆண் எஞ்சிய பகுதியைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைப் பின்னத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்நோக்குகிறது. குஞ்சுகளை வளர்ப்பது பெண்ணின் பொறுப்பே. பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் நாள்தோறும் கண்டுவந்த பறவையைப் பற்றி எவரும் அறியாத உண்மையை, பணியிழந்த ஒருவர் பொறுமையினால் மட்டுமே கண்டறிந்தார். உலகப் பறவையியலார் அவர் பெயரை அறியத் தொடங்கியது அக்கட்டுரையினால்தான்.

நாடெங்கும் நடந்த கால்கள்

அடுத்து அவர் மேற்கொண்ட வழி துணிவு மிக்கது. அக்காலச் சமத்தானங்களில் பறவைகளைப் பற்றிய முறையான கணக்கெடுப்பு இல்லை. முகாம் அமைப்பதற்கும் பயணத்திற்கும் ஆகும் செலவை மட்டும் அரசு ஏற்றால் போதும், ஊதியமின்றி ஆய்வு செய்து தருவதாக அவர் முன்வந்தார். ஐதராபாத்தில் தொடங்கி, 1933இல் திருவிதாங்கூர், கொச்சி எனப் பணி விரிந்தது. அக்காலத் திருவிதாங்கூரில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அடங்கியிருந்தமையால், தென்கோடித் தமிழ்நிலமும் அவ்வாய்வு எல்லைக்குள் அமைந்தது எனலாம்.

காட்டு முகாம்களில் தெஹ்மினா அம்மையார் உடனுறைந்தார். கூடாரத்தை இல்லமாக்கியவர் அவர். 1939இல் சிறிய அறுவை மருத்துவம் ஒன்றைத் தொடர்ந்து அவர் காலமானார். இருவருக்கும் மக்கட்பேறு இல்லை. நாற்பத்திரண்டாம் அகவையில் தனிமையுற்ற சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை; தமக்கையார் இல்லத்தில் தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். அத்துயரினூடே எழுதி 1941இல் வெளிவந்த நூலே இந்தியப் பறவைகளைப் பற்றி வண்ணப்படங்களோடு அமைந்த அவரது புகழ்பெற்ற கையேடு. வல்லுநர்க்கன்றி எளியோர்க்கும் பயன்படுமாறு எழுதப்பட்டமையே அதன் சிறப்பு. சிறையிலிருந்த நேரு அதன் படியொன்றைத் தம் மகளுக்கு அனுப்பினார் என்பர். நம் கையில் கிடைத்து வாலாட்டியை அடையாளம் காட்டியதும் அந்நூலே.

குளிர்கால விருந்தினர்

இனிச் சலீம் அலியின் வாழ்வில் நம்மை மிகுதியும் ஈர்த்த பகுதிக்கு வருவோம். வட ஆசியாவில் பனி உறைந்து நீரும் உணவும் கிட்டாத காலத்தில் பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. ஆவணி, புரட்டாசியில் வரத்தொடங்கி, ஐப்பசி மழையால் நம் ஏரிகள் நிறையும் காலத்தில் பெருங்கூட்டமாகச் சேர்ந்து, பங்குனி, சித்திரையில் வடக்கே மீள்கின்றன. மங்கோலியாவிலும் திபெத்திலும் இலடாக்கிலும் குஞ்சுபொரிக்கும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து, நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். குமரித்துறையிலிருந்து வடக்கே செல்லும் அன்னத்திடம் பிசிராந்தையாரும், இணையோடு வடதிசை ஏகும் நாரையிடம் சத்திமுற்றப் புலவரும் செய்தி சொல்லி அனுப்பினர். பறவைகள் பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகச் செல்வன என்னும் உண்மையறிவு இல்லாமல் அத்தூது பிறந்திருக்க முடியாது. ஆனால் இன்ன பறவை இன்ன ஊரிலிருந்து வருகிறது, அதே பறவை மீண்டும் அதே இடத்திற்கு வருகிறதா என்னும் வினாக்களுக்கு விடைகாண வேறொரு முறை வேண்டியிருந்தது. ஹெலிகோலந்தில் சலீம் அலி கற்றுவந்த வளையமிடும் முறையே அது.

அதற்கான பெருவாய்ப்பு எதிர்பாராத வகையில் வந்தது. 1957இல் கருநாடகத்தின் சிமோகாப் பகுதியில் குரங்குகளையும் மனிதரையும் பலிகொண்ட கியாசனூர்க் காட்டு நோய் தோன்றியது. சைபீரியாவில் காணப்பட்ட நோயொன்றோடு அது ஒத்திருந்தமையால், வலசைப் பறவைகள் தம் உடலில் ஒட்டிய உண்ணிகள் வாயிலாக அதனைக் கொணர்ந்திருக்கலாம் என ஐயுற்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையோடு பம்பாய்க் கழகம் சலீம் அலியின் தலைமையில் பறவைகளைப் பிடித்து வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. நோயைப் பறவைகள் கொணர்ந்தன என்பதற்குச் சான்று கிட்டவில்லை. ஆயின், பறவைகளின் பயணம் பற்றிய அறிவு பெருகியது.

பறவையின் காலில் இடப்படும் வளையம் எடையற்ற மெல்லிய உலோகத்தாலானது. அதில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு வேண்டும் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். எங்கோ தொலைநாட்டில் அப்பறவையைக் கண்டெடுப்பவர் எழுதும் கடிதமே விடை. அந்நாளைய சோவியத்து நாட்டிலிருந்தும் இத்தகைய கடிதங்கள் வந்தன. எல்லைக்கோடும் கடவுச்சீட்டும் அறியாத உயிர்கள் மனிதரிடையே கடிதப் போக்குவரத்தை உண்டாக்கின.

பறவைகளைக் காயமின்றிப் பிடிப்பது எளிதன்று. இதற்குச் சலீம் அலியும் அவர் குழுவினரும் பீகாரின் மீர்ஷிகார் மரபினரை அழைத்துவந்தனர். வழிவழியாகப் பறவை பிடித்து விற்று வாழ்ந்த எளிய மக்கள் அவர்கள். படிப்பறிவில்லாதோர் என எவரும் ஒதுக்கியிருக்கக்கூடிய அவர்தம் கைத்திறன் அறிவியலுக்குத் துணையாயிற்று. கொல்வதற்கும் விற்பதற்கும் பயன்பட்ட கண்ணியும் வலையும் பறவையை அறிந்து விடுவிப்பதற்குப் பயன்பட்டன.

பம்பாயில் ஒரு வீட்டுப் புல்தரையில் வளையமிடப்பட்ட சாம்பல் வாலாட்டி ஒன்று, அடுத்தடுத்த குளிர்காலங்களில் இமயம் சார்ந்த தன் பிறப்பிடத்திலிருந்து அதே புல்தரைக்குத் திரும்பிவந்தது. உள்ளங்கையளவே உள்ள உயிர், பெருநகரின் ஆயிரமாயிரம் கூரைகளுக்கிடையே ஒரு முற்றத்தை நினைவில் வைத்திருந்தது. இதனைப் படித்த நாள் முதல் நம் கல்லூரி வேப்பமரத்தடியை நாம் வேறு கண்ணோடு நோக்குகிறோம்.

இத்திட்டத்தின் முதன்மையான களங்களுள் ஒன்று நம் கோடிக்கரை. உப்பளங்களும் சதுப்பும் சூழ்ந்த அக்கடற்கோடியில் குளிர்காலத்தே பூநாரைகளும் உள்ளான் இனங்களும் பெருந்திரளாக வந்து கூடுகின்றன. அதன் சிறப்பை உணர்ந்து பாதுகாக்க வலியுறுத்தியவர் சலீம் அலி. 1967இல் அது வனவுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது.

பரத்பூரும் ஒரு பிழையும்

இராசத்தானத்தின் பரத்பூர் நீர்நிலை அரசர்களின் வேட்டைக்களமாக விளங்கியது. 1938 நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் அங்கு ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. சலீம் அலிக்கு நாற்பத்திரண்டு அகவை நிறைந்த நாளும் அதுவே. விடுதலைக்குப்பின் அந்நீர்நிலையை வற்றச்செய்து விளைநிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, அரசினரிடம் எடுத்துரைத்து அதனைக் காத்தவர் அவர். 1981இல் அது தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

அங்கேயே ஒரு பிழையும் நேர்ந்தது. எருமை மேய்ச்சல் பறவைகளுக்குத் தீங்கு என அவரும் கழகத்தாரும் கருதினர். 1982இல் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. கால்நடைகளை நம்பி வாழ்ந்த கிராமத்தார் எதிர்த்தனர்; துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது. பின்னர்க் கழகமே நிகழ்த்திய நீண்டகால ஆய்வு வேறோர் உண்மையை வெளிப்படுத்தியது. எருமைகள் இல்லாமையால் நீர்ப்புல் வரம்பின்றி வளர்ந்து, பறவைகளுக்கான நீர்ப்பரப்பு தூர்ந்துபோயிற்று. பறவையைப் பேரளவு அறிந்தவரும் எருமையையும் எருமைக்காரரையும் போதிய அளவு அறியவில்லை. வீட்டு விலங்கும் காட்டுப் பறவையும் ஒரே நீர்நிலையில் ஒன்றுக்கொன்று துணையாக வாழக்கூடும் என்னும் உண்மை, பெருவிலை கொடுத்த பின்னரே புலனாயிற்று. இதனைக் கூறுவது அப்பெருமகனாரின் புகழைக் குறைப்பதாகாது. தம் கருத்துக்கு மாறான முடிவையும் வெளியிடும் ஆய்வு மரபைக் கழகத்தில் வளர்த்தவர்களுள் அவரே முதன்மையானவர்.

பரத்பூரின் மற்றொரு செய்தி வருத்தத்திற்குரியது. அங்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வந்துகொண்டிருந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்குகள், வரும் வழியில் வேட்டையாடப்பட்டும் வாழிடம் அழிந்தும் குறைந்துகொண்டே வந்தன. 2001, 2002ஆம் ஆண்டுகளுக்கு இடைப்பட்ட குளிர்காலத்திற்குப் பின் அவை அங்கு வரவேயில்லை. விருந்தினர் வரவு நின்ற வீட்டை நம் மக்கள் எவ்வாறு கருதுவர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதுமையும் பெருமையும்

அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியோடு இணைந்து எழுதிய இந்திய, பாகிசுத்தானப் பறவைகள் பற்றிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி வெளிவந்தபோது அவர் அகவை எழுபதைக் கடந்திருந்தது. மோட்டார் வண்டியோட்டத்திலும் அவருக்குப் பெருவிருப்பு. 1950இல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டிற்குத் தம் இருசக்கர வண்டியையும் கப்பலில் கொண்டுசென்று ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் ஓட்டிக் களித்தார்.

1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் பெற்றார். வெளிநாட்டிலிருந்து வந்த பெரும்பரிசுத் தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாது இயற்கைப் பாதுகாப்பு நிதியாக்கினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்க எழுந்த குரல்களுள் அவர் குரலும் ஒன்று. பட்டமில்லை எனப் பணி மறுக்கப்பட்டவருக்கு அலிகார், தில்லி, ஆந்திரப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அவ்வாண்டே வெளிவந்த தன்வரலாற்றுக்கு, தாம் வீழ்த்திய அச்சிட்டுக்குருவியின் வீழ்ச்சியையே பெயராக இட்டார். 1987ஆம் ஆண்டு, தொண்ணூறு அகவை நிறைந்த நிலையில் பம்பாயில் இறையடி சேர்ந்தார்.

தமிழ்நாட்டோடு அவர் பெயர் இருவகையில் நிலைத்துள்ளது. அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் 1990இல் கோவையில் தொடங்கப்பெற்றது. மற்றது பலர் அறியாதது. 1948இல் தேனிப் பகுதியின் மேகமலையில் சேகரிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்று, வேறோர் இனமென்று தவறாகக் கருதப்பட்டுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அது புதியதோர் பேரினம் எனக் கண்டு, அதற்குச் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றை எழுதியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. தேர்வில் தோற்றவர், பணி மறுக்கப்பட்டவர், ஆதரவற்ற பிள்ளை ஆகிய எந்நிலையில் நம் மாணவர் இருப்பினும், கண்முன் உள்ள ஒன்றைப் பொறுமையோடு நோக்கி உள்ளவாறே எழுதிவைக்கும் பழக்கம் அவரைக் கைவிடாது என்பதற்குக் கிஹிமில் அமர்ந்திருந்த அம்மனிதரே சான்று. அதற்குத் தேவை ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் விடியற்காலை எழும் பழக்கமுமே. நாள், இடம், கண்ட பறவை, எண்ணிக்கை, அதன் செயல் ஆகியவற்றை எழுதிவருக. பெயர் தெரியாவிடின் தெரியாது என்றே எழுதுக. ஊர் ஏரியிலும் வயல்வெளியிலும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வருகின்றனவா என நோக்குக. வீட்டில் பூனை வளர்ப்போர் விடியலிலும் அந்தியிலும் அதனை உள்ளே வைத்திருந்தாலே பல சிற்றுயிர்கள் பிழைக்கும்.

நம் துறையில் இப்போது ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். ஐப்பசி தொடங்கியதும் வாலாட்டி முதன்முதல் வந்த நாளை மாணவர்கள் அதில் எழுதுகின்றனர். அன்று வினா எழுப்பிய மாணவர் இப்போது வேறூரில் ஆசிரியராக இருக்கிறார். அவர் கேட்ட வினாவிற்குரிய விடையைக் காலந்தாழ்த்தியேனும் கடிதத்தில் எழுதி அனுப்பினோம். தம் பள்ளியிலும் அப்பறவை வருவதாக விடை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று கூறி, தெரிந்தவரிடம் அனுப்பிவைத்த அமீருத்தீனைப் போன்ற பெரியோரும், கதவைத் திறந்து வரவேற்ற மில்லார்டு போன்ற ஆசிரியரும் நம்மிடையே பெருகுவார்களாயின், இன்னும் பல சலீம் அலிகள் நம் வகுப்பறைகளிலிருந்து எழுவர். அதற்கு வழிசெய்வதே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.